பதினாறு கட்டிக் குழந்தை

"வயசு வேணாம்ணே, எடை சொல்லுங்க," என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன். காய்ச்சல் மருந்து விற்றவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். பெற்றவர்களுக்குப் பிள்ளையின் ராசி, நட்சத்திரம், பிறந்த நேரம் எல்லாம் தெரியும். மருந்து அளக்க வேண்டிய எடை மட்டும் தெரியாது. பீடோங் டவுன் மருந்துக் கடையில் ஏழு வருடம் நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூட்டை

எதிரே நின்றவர் குருண் ஊர் லாரி ஓட்டுநர். கையை இடுப்புக்கு நேரே வைத்துக் காட்டினார். பிறகு யோசித்து, நாலு விரல் இறக்கினார். உயரம் இல்லை, எடை என்றேன். லாரியில் படுத்திருந்த மகளைத் தூக்கி வந்து தராசில் நிறுத்தினார். பதினெட்டு கிலோ.

"அரிசி மூட்டையைவிட லேசுதான் தங்கச்சி. ஆனா மூட்டை உதைக்காது லா."

பதினாறு

சுங்கை லாலாங் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டும் செல்வி மட்டும் கேட்டவுடன் சொன்னாள்: "பதினாறு. எஸ்டேட் கடைத் தராசுல போட்டுப் பாத்துட்டேன்." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினாறு கிலோவுக்கு உரிய அளவை, 'வேளைக்கு இரண்டு கரண்டி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை' என்று எழுதிப் புட்டியில் ஒட்டிக் கொடுத்தேன். குழந்தையை வீட்டில் விட்டு வந்ததால் உடனே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மதியம் பாசாரில் மீன் கேட்டேன். பழைய கட்டி அளவு போய்க் கிலோ வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. "கிலோவா, கட்டியா?" என்றார் மீன்காரர். "கட்டின்னா அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலதான் வரும்."

எஸ்டேட் கடையில் இன்னும் பழைய தராசு. பதினாறு கட்டி என்றால் பத்து கிலோகூட இல்லை. நான் எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மீனை அப்படியே விட்டு ஓடினேன்.

"மீனு செத்துடுச்சு மிசி, அது ஓடாது. நீங்க ஏன் ஓடுறீங்க?"

ஒரு தடவை

கடை முதலாளி தவுக்கேயின் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது செல்வி லயத்து வீட்டு வாசலில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். பதினொரு மணிக்கு இரண்டு கரண்டி கொடுத்தாயிற்று. அடுத்த வேளை இன்னும் கொடுக்கவில்லை.

என் தவறு என்று சொல்லி, அவளை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் குழந்தையைத் தராசில் நிறுத்தினார். ஒன்பதரை கிலோ. கண், வயிறு பார்த்தார். ஒரு தடவையோடு போனதால் பயமில்லை, இதே அளவு இரண்டு நாள் போயிருந்தால் ஈரல் தாங்காது என்றார். இன்று இனி வேண்டாம். காய்ச்சல் நின்றிருக்காவிட்டால் நாளை ஒரு கரண்டி.

செல்வி என்னைப் பார்த்தாள்.

"எடை என்னன்னுதானே கேட்டீங்க மிசி. எதுலன்னு கேக்கலையே."

எடை தெரியாத பெற்றோரைப் பற்றி ஏழு வருடம் புலம்பிய நான், எடை தெரிந்த ஒருத்தியிடம்தான் தப்புச் செய்தேன்.

டிரெஸ்ஸர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். செல்வி குழந்தையை என் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தானும் தராசில் ஏறி, எத்தனை கிலோ என்று முள்ளைப் பார்த்தாள்.