யாரங்கே

கதைகளில் வரும் கொடுங்கோல் ராஜாக்கள் எல்லாரும் கடைசியில் ஒழிந்துபோவார்கள். திமிர் பிடித்தவன் தன் திமிராலேயே அழிவான், ஊரைப் பயமுறுத்தினவன் பயந்தே சாவான். எத்தனை கதை கேட்டிருப்போம், எத்தனை கூத்து பார்த்திருப்போம், எல்லாவற்றிலும் இதே தீர்ப்புதான். என் வீட்டுக்காரரும் அதை நம்பித்தான் நாடகம் எழுதினார். எனக்கு அந்த நம்பிக்கை போய் ரொம்ப வருஷமாகிறது. எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன்.

எண்பதுகளில் நாங்கள் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் குடியிருந்தோம். புறம்போக்கில் ஆளுக்குக் கொஞ்சம் இடம் பிடித்து, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு மூடிய வீடுகள். பட்டா கிடையாது. பாதிப் பேர் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர், அப்பன் பாட்டன் அதே இடத்தில் கழனியில் கூலிக்கு நாற்று நட்டிருக்க, இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். சாப்பாட்டு டப்பாவோடு லைப்ரரி புத்தகம் ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும்.

எங்கள் நகருக்கு நலச்சங்கத் தலைவர் என்று ஒருவர் இருந்தார். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, எதிர்த்து நிற்க யாருக்கும் துணிவில்லை, அதனால் தலைவர். பட்டா வாங்கித் தரப்போவதும் அவர்தான், தண்ணி லாரி எந்தத் தெருவுக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்வதும் அவர்தான். எல்லாருக்கும் அவர் அண்ணாத்தே. யாரையும் அவர் கைநீட்டி அடித்து நான் பார்த்ததில்லை. அடிக்கிற வேலையே அவருக்கு வைக்க மாட்டார்கள் எங்கள் ஜனங்கள். தெருமுனையில் நின்று "எவன்டா அங்க?" என்று ஒரு குரல் கொடுப்பார். யாரைக் கூப்பிட்டார் என்று தெரியாமலே நாலைந்து ஆம்பளைகள் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடுவார்கள்.

ஒரு பொங்கல் விழாவுக்கு என் வீட்டுக்காரர் நாடகம் எழுதினார். ஒரு ராஜா. கெட்ட சேதி கொண்டுவருகிறவன் தலையை வாங்கிவிடுவான். அதனால் யார் வந்தாலும் "எல்லாம் நலம் மன்னா" என்பார்கள். மழை பொய்த்துப் போயிற்று, எல்லாம் நலம் மன்னா. களஞ்சியத்து நெல் புழுத்துவிட்டது, எல்லாம் நலம் மன்னா. ஜனங்கள் ஒவ்வொரு குடும்பமாகச் சத்தமில்லாமல் நாட்டை விட்டுப் போய்விடுவார்கள். கடைசிக் காட்சியில் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு "யாரங்கே, யாரங்கே" என்று கூப்பிடுவான். ஒருத்தரும் வர மாட்டார்கள். அத்தோடு திரை விழும்.

"பயங்காட்டி ஆள்றவனுக்கு மொதல்ல போறது காதுதான்," என்று என்னிடம் சொல்வார். "அவன் கெட்டா கெட்டுட்டுப் போறான். அதுக்குள்ள ஊரு பொய் பேசப் பழகிடுது பாரு, அத்த யாரு திருப்பறது?" நாடகத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பார். அந்த முடிவை மட்டும் தொட விடமாட்டார். அதற்காகத்தான் மீதியையே எழுதினேன் என்பார். அவர் மனசில் எங்கள் தலைவர் இல்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். அவருக்கு ராஜா என்றால் புத்தகத்து ராஜாதான். இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

ராஜா வேஷம் பக்கத்து வீட்டு வெல்டருக்கு. ஆள் வாட்டசாட்டம், மீசை ஒட்ட வேண்டியதில்லை. கரையான்சாவடியில் உடையும் கிரீடமும் வாடகைக்கு எடுத்தார்கள். அவர் வாயில் செந்தமிழை ஏற்றத்தான் என் வீட்டுக்காரர் படாத பாடு பட்டார். "என்ன" என்று சொல்லச் சொன்னால் "இன்னா" வரும். ஒத்திகை முடிந்து வந்து, "அந்தாளு நாக்கையே லேத்துல குடுத்துத் திருப்பினாத்தான் உண்டு," என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் விழா அன்றைக்கு வெல்டர் அசத்திவிட்டார். ஒரு வார்த்தை பிசகவில்லை, கடைசிக் காட்சி வரைக்கும்.

அதற்கு முந்தின காட்சிகளில் எல்லாம் அவர் "யாரங்கே" என்றால் காவலன் ஓடிவந்து "மன்னா" என்று குனிவான். கடைசிக் காட்சியில் யாரும் வரக் கூடாது. மேடை வெளிச்சத்தில் அது அவருக்கு மறந்துவிட்டது. காவலன் வேஷம் போட்டவன் உள்ளே பீடி பிடிக்கப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டார். ஒரு தடவை கூப்பிட்டார், இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு கிரீடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பக்கத்துத் திரையைப் பார்த்துக் கத்தினார். "டேய், இன்னாடா பண்ணிகினு கீற உள்ள? எவன்டா அங்க? நான்பாட்டுக்குக் கூப்டுகினே கீறேன்."

அச்சு அசல் தலைவர் குரல். வேண்டுமென்று செய்தால்கூட அப்படி வந்திருக்காது. கூட்டம் ஒரு கணம் திகைத்து, அப்புறம் சிரித்தது பாருங்கள், எங்கள் நகர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பாயில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து விழுந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்வரிசையில் மாலையோடு நாற்காலியில் இருந்த தலைவர் மெதுவாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். முன்னாலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரிசை வரைக்கும் சிரிப்பு அணைந்துபோயிற்று.

மறுநாள் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வெல்டர் குடும்பத்தோடு நெமிலிச்சேரியில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். காலிக் குடத்தோடு தெருவில் நின்ற பொம்பளைகள், யாரும் கேட்காமலே, "நான் சிரிக்கலக்கா" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி தனக்கு அன்றைக்கு இருமல் என்றாள். பக்கத்தில் இருந்தவளைப் பிடித்து, "நீயே சொல்லு, நான் இருமிகினுதானே இருந்தேன்?" என்று சாட்சிக்கும் கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலை அவள்மேல் காட்டி என்ன ஆகப்போகிறது?

பிறகு ஆள் வந்தது. "அண்ணாத்தே கூப்ட்டாரு." என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார். தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை, நானும் போனேன்.

தலைவர் எங்களை உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். முகத்தில் கோபமே இல்லை.

"நாடகம் நல்லாத்தான் கீது தம்பி. நான் ஒண்ணியும் தப்பா எடுத்துக்கல. முடிவுதான் சரியில்ல," என்றார். "ராஜா கூப்டறான், ஒருத்தனும் வரலன்னு எழுதிகீற. எங்கனா நடக்குமா அது?"

"கதைதானேண்ணே," என்றார் இவர்.

"கதைன்னாலும் ஒரு நியாயம் வாணாமா? இப்ப நான் கூப்ட்டேன். நீ வந்துட்டல்ல?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. கூட்டல் தப்பாகப் போட்ட பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது மாதிரிதான் சொன்னார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். படித்த அத்தனை புத்தகத்திலிருந்து ஏதாவது ஒரு பதில் வரும் என்று நினைத்தேன். அவர் கலர் பாட்டிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"என் பொறந்த நாளுக்கு மறுக்கா போடு. ராஜா கூப்ட்டா ஊரே ஓடியாறாப்புல மாத்திடு." நாங்கள் எழுந்தபோது என் பக்கம் திரும்பினார். "உங்க தெருவுல தண்ணி வருதாம்மா?"

"இல்லண்ணே."

"வரும்."

வழியில் நான் சொன்னேன், "முடியாதுன்னு சொல்லிடுங்க. எங்கனா வாடகைக்குப் போயிக்கலாம்."

"நம்மள மட்டுமா காயப் போட்டாரு? தெருவே காலிக் குடத்த வச்சிகினு நிக்குது," என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்து மாற்றி எழுதினார். லாரி அடுத்த நாளே வந்தது. தெருவே இவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

இரண்டாம் தடவை நாடகம் பிரமாதமாக நடந்தது. நெமிலிச்சேரியிலிருந்து திரும்பி வந்த வெல்டருக்குப் பயத்தில் செந்தமிழ் தண்ணி பட்ட பாடாக வந்தது. ராஜா "யாரங்கே" என்றான். காவலன் வந்தான், மந்திரி வந்தான், குடிமக்கள் வந்தார்கள். எழுதாத ஆட்களும் ஏறிவந்தார்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பத்துப் பதினைந்து பேர் தலைவர் பார்க்கும்படியாக மேடைக்கு ஓடி "மன்னா, மன்னா" என்று குனிந்தார்கள். பலகை முறிந்துவிடும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் ஓரத்தில் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் அவர் எதுவும் எழுதவில்லை. ஒரு தடவை கேட்டேன். "நான் எழுதுனதுதான் தப்பு. ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு எழுதுனேன். எல்லாருந்தான் வராங்க," என்றார். லைப்ரரிக்குப் போவதையும் விட்டுவிட்டார். சாயங்காலங்களில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

தொண்ணூறுகளில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அதற்குள் தலைவர் காரில் போகிற ஆளாகியிருந்தார். பட்டா மட்டும் இன்னும் வரவில்லை. துஷ்டிக்கு ஆள் உயர மாலையோடு வந்தார். பந்தலில் நின்று, சுற்றி நின்றவர்களிடம் சொன்னார், "ஒரு நாடகம் எழுதினாரு பாரு. ராஜா கூப்ட்டா ஊரே ஓடியாரும். அந்த மாதிரி எழுத இனிமே யாரு கீறா?" எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வெல்டரும் ஆட்டினார்.

என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாடகம் போட்டபோது கைக்குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறவள். அப்பாவைப் புகழ்கிறார்கள் என்று அந்த அழுகையிலும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"இல்லடி. உங்கப்பா அப்டி எழுதல," என்றேன். "அவரு எழுதுனதுல ராஜா கூப்ட்டா ஒருத்தருமே வரமாட்டாங்க."

அவள் சட்டென்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். பந்தல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"மெள்ளமா பேசும்மா. அவரு இங்கதான் நின்னுகினு கீறாரு."