நாவுலையில் வாங்கிய தண்ணி

பதினொரு வயதில் நான் ஒரு நல்ல மனிதருக்குக் குடிகாரப் பட்டம் வாங்கிக்கொடுத்தேன். அவர் பெயர் முத்தையா, எங்கள் கார்ச் சாரதி. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் துருவும் கொதித்த ரப்பரும் கலந்த ஆவியின் நெடிதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. எஞ்சினை மூடும் பொனற்றைத் தூக்கியதும் எங்கள் இருவர் முகத்திலும் அடித்த நெடி.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு மாற்றலாகி வந்த அரசாங்க வைத்தியர். நாக்கைப் பார்க்காமல், நாடியைப் பிடிக்காமல் யாருக்கும் ஒரு குளிசைகூட எழுதமாட்டார். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருந்தார், ஓட்டத்தான் தெரியாது. அதற்காக உக்குவளையிலிருந்து முத்தையா தினமும் காலை பஸ்ஸில் வருவார். இருபத்தைந்து வயதிருக்கும், யட்டவத்தையில் பெண் பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. என்னைப்போன்ற பொடியனையும் "நீங்க" என்றுதான் சொல்லுவார். காரோடும் பேசுவார். ஏற்றத்தில் அது முனகினால், "பொறு பொறு, வந்துட்டோம்" என்பார்.

அந்தச் சித்திரை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளிடையே "பீச்சாங்குழல்" சண்டை மும்முரமாக நடந்தது. மூங்கில் குழலுக்குள் தள்ளும் தண்டு இறுக்கமாக இல்லாவிட்டால் தண்ணீர் எதிரி மீது பாயாமல் பின்பக்கம் வழிந்து நம் சட்டையையே நனைத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தையா காரைக் கழுவி, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வாளியில் தண்ணீர் எடுக்கப் போனபோது, அந்த மூடியின் அடியில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருப்பதைக் கண்டேன். "வொசர்" என்பார்களே, அது. அம்மாவின் கொண்டையூசியால் நெம்பினேன், வந்துவிட்டது. என் குழலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. முத்தையா வந்து தண்ணீரை நிரப்பி மூடியைத் திருகினார். தினமும் திறந்து மூடும் மூடியை யார் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

மறுநாள், விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பாவைத் தம்புள்ளையில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் முத்தையாவும் மட்டும் திரும்பினோம். நாவுலை வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அவர் காரை ஓரங்கட்டி, ஆறவிட்டு, சாக்கை மடித்துப் பிடித்து மூடியைத் திறந்தார். தண்ணீர் பாதிக்கும் கீழே இருந்தது. தரையில் படுத்துக் காரின் அடியைப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை. ஹோஸைப் பிசைந்து பார்த்தார், பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், எஞ்சினை முடுக்கி விசிறி சுற்றுவதைப் பார்த்தார்.

"ஒழுகவும் இல்ல, ஆனா குறையுது. அந்தத் தண்ணி எங்கதான் போகுது தம்பி?"

எனக்கு வளையத்தின் ஞாபகம் வராமலில்லை. அந்தச் சின்ன வளையமா இவ்வளவு பெரிய எஞ்சினைக் கொதிக்க வைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த இடத்தில் திறந்திருந்தது ஒரு கள்ளுத் தவறணை மட்டுந்தான். முத்தையா அதற்குள் போய் இரண்டு போத்தல்களில் தண்ணீர் வாங்கி வந்தார். நாலந்தாவில் ஒரு தேநீர்க்கடையில் இன்னும் இரண்டு. எவ்வளவு ஊற்றியும் போதவில்லை. பலாபத்வெல சந்தியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. தெரிந்த கண்டக்டர் ஒருவரிடம் என்னை ஒப்படைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவர் காருக்குக் காவலாக நின்றார்.

"வழியிலை என்ன நடந்தது?" என்று அப்பா கேட்டார்.

"முத்தையா அண்ணை கண்ட கண்ட இடத்திலை காரை நிப்பாட்டித் தண்ணி வாங்கினவர். நாவுலையிலை தவறணைக்குள்ளையும் போனவர்."

ஒரு சொல்லிலும் பொய் இல்லை. அப்பாவின் முகம் இருண்டதைப் பார்த்த பிறகுதான் "தண்ணி"க்குப் பெரியவர்களிடையே உள்ள மற்ற அர்த்தம் எனக்கு உறைத்தது. "காருக்கு வாங்கினவர்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, தண்ணீர் ஏன் குறைந்தது என்பதாக இருக்கும். நான் கை கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் காலை முத்தையா காரை லொறியில் கட்டி இழுத்துவந்து கராஜில் விட்டுவிட்டு, கையெல்லாம் கரியோடு வாசலில் வந்து நின்றார். இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார் அப்பா. காரணத்தையும் சொன்னார்.

"ஐயா, நான் அதைத் தொடுறதே இல்லீங்க. வேணும்னா வாயை மோந்து பாருங்க."

"நேற்றுக் குடிச்சது இண்டைக்கு மணக்குமோ?"

முத்தையா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களே சொல்லுங்க. நான் வாங்குனது என்னா தண்ணி?"

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதையே அப்பா பதிலாக எடுத்துக்கொண்டார்.

கராஜ் வைத்திருந்த காதர் நானா இரண்டு நாள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். பம்பில் குறையில்லை, ஹோஸில் குறையில்லை. கடைசியாக மூடியைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"டொக்டர், இதில வொசர் இல்லையே. மூடி இறுகாட்டி தண்ணி கொதிச்சு மேலால போயிரும். கீழ ஒரு சொட்டும் ஈக்காது."

"அதையும் அவன்தான் துலைச்சிருப்பான்," என்றார் அப்பா. நாடி பிடிக்காமல் மருந்து எழுதாத அப்பா.

நான் அப்போதும் பேசவில்லை. அப்பா காலமாகும்வரை அவரிடமும் சொல்லவில்லை. பின்னாளில் சட்டம் படித்தேன், முப்பது வருடம் அதையே படிப்பித்தேன். உண்மையான சொற்களாலேயே ஒரு பொய்ச்சாட்சியைக் கட்டலாம் என்று மாணவர்களுக்கு விளக்குவேன். உதாரணம் மட்டும் சொல்லமாட்டேன்.

இந்த வருடம், எழுபத்திரண்டு வயதில், உக்குவளைக் கடைகளில் விசாரித்து முத்தையாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருக்கு எண்பத்தாறு. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மூடியிலயா?" என்றார் அவர். "ஹோஸ பாத்தேன், பெல்ட்ட பாத்தேன். மூடிய புரட்டலையே. பஸ் ஓட்டுனேன், லொறி ஓட்டுனேன், அந்தத் தண்ணி எங்க போச்சுங்கிற யோசனை மட்டும் போகவே இல்ல." இருமல் வரும்வரை சிரித்தார்.

அவர் மனைவி பூரணம் சிரிக்கவில்லை. "இவருக்கு மூடிதான் பெருசு. குடிச்சு வேலை போச்சுன்னு கேள்விப்பட்டு, குடிகாரனுக்குத் தங்கச்சியக் குடுக்க மாட்டேன்னு எங்க அண்ணன் நின்னாரு. நான் மீறி வந்தேன். கல்யாணத்துக்கும் வரல அவரு. இன்னைக்கும் நான் போனா உள்ள, இவரு போனா வாசலோட. அதுக்கு என்னா சொல்றீங்க?"

முத்தையாதான் பேசினார். "நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும். எங்ககிட்ட சொல்லி என்னா ஆகப்போகுது? தெரியாத மனுசன் யட்டவத்தையில இருக்காரு. அங்க வந்து சொல்லுங்க தம்பி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் மூவரும் போனோம். காதர் நானாவின் கராஜ் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. இப்போதைய கார் சூடேறினால் தானே விளக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. யாரும் மண்ணில் படுத்துப் பார்ப்பதில்லை.

பூரணத்தின் அண்ணன் தொண்ணூறைத் தாண்டியவர். வீதியைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம். மெல்ல ஆரம்பித்தேன்.

"என்னா?"

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"யாரு குடிச்சா?"

மூன்றாவது தடவை என் தொண்டை கிழியக் கத்தினேன். "முத்தையா குடிக்கவே இல்லை. அவர் வாங்கினது காருக்குத் தண்ணி. காரைப் பழுதாக்கினதும் நான், உண்மையை மறைச்சதும் நான்." எதிரே காய்கறி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார். முச்சக்கரவண்டிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

கிழவர் விவரமெல்லாம் கேட்டார், மூடிக் கதை உட்பட. பிறகு படியில் நின்ற முத்தையாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எங்க மச்சான் குடிகாரன் இல்ல. மூடிய புரட்டிப் பாக்கத் தெரியாத டிரைவர். அவ்வளவுதானே?" வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "மச்சான் வந்திருக்காரு, உள்ள ஒரு கதிரை போடுங்க."

பூரணம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். முத்தையா செருப்பைக் கழற்றக் குனிந்தார், வார் சிக்கிக்கொண்டது. உதவ நானும் குனிந்தேன்.

"இருங்க தம்பி," என்றார். "அவசரமில்ல, நானே கழட்டிக்கிறேன்."