எஞ்சினைத் தூக்க விடவில்லை

கிளட்சை மிதித்தால் எஞ்சினின் முன்புறம் இருக்கும் கிராங்க் புல்லி முன்னால் வந்தது. காலை எடுத்ததும் பின்னால் போனது. த்ரஸ்ட் வாஷர் தேய்ந்தால்தான் அப்படி ஆடும். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் பிறை வடிவத் தகடு அது. என் பழைய பிரிட்டிஷ் காருக்கு வந்திருந்த நோய் அவ்வளவுதான்.

கோலசிலாங்கூர் வொர்க்‌ஷாப்பில் அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபோர்மேன் சத்தத்தைக் கேட்டதுமே எஞ்சின் முடிந்தது என்றார். என் தம்பி அதற்கு முன்பே எஞ்சினை மாற்றிவிட முடிவு செய்திருந்தான். ஜப்பானில் முன்பாதியை அறுத்து அனுப்பும் கார்களை இங்கே ஹாஃப்கட் என்பார்கள். அப்படி ஒன்றின் எஞ்சின், என்னைக் கேட்காமலேயே, மூலையில் வந்து உட்கார்ந்திருந்தது. ஏர்கோன் போடலாம், பெட்ரோல் மிச்சமாகும், ஜெராம் சாலையில் நடுவழியில் நிற்காது என்றான் தம்பி. எல்லாம் உண்மைதான். இந்த வட்டாரத்துப் பழைய கார்கள் பலவற்றில் வெளியே குரோமியம் மின்னும்; பானட்டைத் திறந்தால் உள்ளே வேறொரு கார் இருக்கும். என்னுடையது அப்படி ஆகப்போவதில்லை.

"எஞ்சினைத் தூக்க வேணாம். அடியில சம்ப்ப மட்டும் இறக்குங்க," என்றேன்.

"இதுக்கு சாமான் கெடைக்காதுலா அக்கா."

தபாலில் வரவழைத்திருந்த வாஷர்களை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். காரண்டி தர முடியாது என்றார். நான் கேட்கவில்லை என்றேன்.

"காருக்கும் அக்காவுக்கும் ஒரே வயசு. ரெண்டும் சொல்பேச்சு கேக்காது," என்று தம்பி அவரிடம் சொன்னான், எனக்குக் கேட்கும்படியாக.

எண்ணெயை வடித்து, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கியபோது, ஒரு வாஷர் அதிலேயே கிடந்தது. தகரத்துண்டு போல மெலிந்து, இடத்தைவிட்டு நழுவி விழுந்திருந்தது. ஃபோர்மேன் டார்ச் அடித்தார். வாஷர் உட்காரும் இடத்தில் கிராங்க்கின் பக்கவாட்டில் ஒரு கோடு. தம்பி குனிந்து பார்த்துவிட்டு மூலையில் இருந்த எஞ்சினைத் திரும்பிப் பார்த்தான். கோடு ஆழமாக இருந்தால் அவன் சொன்னதுதான் சரி. காருக்கு அடியில் நுழைந்து நகத்தால் இழுத்தேன். நகம் மாட்டவில்லை. ஃபோர்மேனும் இழுத்துப் பார்த்தார். சற்றுத் தடிப்பான வாஷரைத் தேர்ந்தெடுத்தார்.

வாஷரில் எண்ணெய் ஓடும் பள்ளங்கள் கிராங்க்கைப் பார்த்திருக்க வேண்டும் என்றேன். தெரியும் என்றார். தெரிந்துதான் இருந்தது, சரியாகவே வைத்தார்.

எல்லாவற்றையும் பூட்டி, புது எண்ணெய் ஊற்றிய பிறகு தம்பியை உள்ளே உட்காரவைத்து, நான் புல்லிக்கு எதிரே குனிந்து நின்றேன்.

"மிதி," என்றேன். புல்லி அசையவில்லை. "மிதிடா."

"மிதிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஃபோர்மேன் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. இறங்கி வந்து, அப்போ அந்த எஞ்சினை என்ன செய்வது என்று கேட்டான்.

"ஒன் கார்ல போட்டுக்க," என்று சொல்லிவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினேன்.