உக்காத ஓடு

உரும்பிராய் ஆழ்வாப்பிள்ளைக்கு உலகத்துப் பொருள்கள் இரண்டே வகை: மக்கி எருவாக உக்குவது, உக்காதது. உக்குவதெல்லாம் அவருடைய தோட்டத்து எருக்குழியான கிடங்குக்குச் சேரவேண்டியது. உக்காததோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கோயிலில் கழற்றிய மாலை, அடுத்த வீட்டு வேலியால் எட்டிப் பார்த்த பூவரசங்குழை, எல்லாம் அதற்குள் போயின. கலியாண வீட்டில் பந்தல் பிரிக்க முதலே, வாழைமரத்துக்காகச் சாக்கோடு வாசல் படலையடியில் நிற்பார். அவரைக் கண்டால் மாப்பிள்ளையைக்கூட உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள் என்று ஊரில் பகிடி.

கிடங்குக்கு ஆண்டுப் பெருவிருந்து அவருடைய வீட்டுக் கூரைதான். ஆவணியில் கூரையைப் பிரித்துப் பழைய பனையோலையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, சாணித் தண்ணீர் ஊற்றி மூடுவார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. வேய்வதற்கு வாங்கிய புது ஓலையிலும் பாதியைக் கிடங்குக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தால் கூரையை மெல்லிசாக மூடுவார். அவருடைய கத்தரிக்காயைக் கண்டு மற்றத் தோட்டக்காரர் பெருமூச்சு விட்டது உண்மை. ஐப்பசி மழையில் மனைவி கமலாவதி ஒழுக்குக்கு ஒழுக்கு சட்டி வைத்து, சமைக்கச் சட்டியில்லாமல் நின்றதும் உண்மை. ஒரு மாரியாவது நனையாமல் இருந்து மழைச் சத்தம் கேட்கவேண்டும் என்பதைத் தவிர அந்த மனுசிக்கு வேறு ஆசை இல்லை.

"இஞ்சாருங்கோ, புகையிலை வித்த காசு கிடக்குத்தானே. ஓடு போடுவமே?" என்று அவள் கேட்காத வருஷமில்லை.

"ஓடோ? உது உக்குமோ? உக்காத சாமானை என்ரை தலைக்கு மேலை ஏத்தமாட்டன். ஓலையெண்டால் ஒரு வருசம் கூரையிலை கிடந்திட்டுக் கடைசியிலை கிடங்குக்கு வரும்."

யுத்தத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில், கூரையைப் பிரித்துப்போட்டுவிட்டு ஆழ்வாப்பிள்ளை கத்தரிக்காய் விற்கக் கொடிகாமத்துக்கு வண்டி கட்டினார். மறுநாள் திரும்பி வந்தபோது மேலே வானம் தெரிந்தது. முற்றத்தில் புது ஓலையைக் காணவில்லை.

"ஓலை எங்கையடி?"

"கிடங்கிலை."

"பழசு சரி. புது ஓலை?"

"அதுவுந்தான். கடைசியிலை அங்கைதானே போகப்போகுது, பிறகேன் ஒரு வருசம் காத்துக்கிடக்க வேணும்? நீங்கள் வெட்டிற மாதிரியே சின்னனாய் வெட்டிச் சாணித் தண்ணியும் ஊத்தினனான்."

தவளை தன் வாயால் கெட்டது. ஊரில் எல்லாரும் வேய்ந்து முடித்த நேரம். காசு கொடுத்தாலும் ஓலை கிடையாது. ஆழ்வாப்பிள்ளை போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்தது. சத்தம் அடங்க முதலே படலையடியில் ஒரு வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய ஓடு. முன்னால் கமலாவதியின் தமையன் சீவரத்தினம்.

"அண்ணை இந்தப் பக்கம் வந்தவராக்கும்," என்றாள் கமலாவதி, நிலத்தைப் பார்த்தபடி.

"திருப்பு வண்டியை!" என்று பாய்ந்துபோன ஆழ்வாப்பிள்ளை பாதியில் நின்றார். ஓடுகள் உடையாமலிருக்க இடையிடையே வைக்கோல் திணித்திருந்தது. அவர் ஒரு பிடி இழுத்துக் கசக்கி மணந்து பார்த்தார்.

"உந்த வைக்கல் ஆருக்கு?"

"ஓட்டை இறக்கிற ஆளுக்கு," என்றார் சீவரத்தினம்.

ஆழ்வாப்பிள்ளை சால்வையைத் தலையில் கட்டினார். வேறு ஒருவரையும் கிட்ட விடாமல், ஒன்றும் உடையாமல், அத்தனை ஓட்டையும் தானே இறக்கினார். வைக்கோலைத் தாராளமாய் வைக்கச் சொல்லித் தமையனுக்கு ஒரு மாசத்துக்கு முன்பே ஆள் அனுப்பியவள் கமலாவதி.