ஊசியின் விலாசம்

ஊசி என்று அவளுக்குப் பட்டம் வைத்தது அக்காதான். ஆள் அவ்வளவு ஒல்லி. அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. ஊசி படிக்கும் அதே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நாலு வருஷம் முந்தி வந்து, ஆறாவது மாடியில் வீடு பிடித்து உட்கார்ந்தவள், அவ்வளவுதான்.

அந்த விலாசத்தில் மூன்று பேருக்கு மேல் பதியக்கூடாது. விலாசம் பதியாத மாணவிக்கு விசாவை நீட்டிக்கமாட்டார்கள். அக்காவும் இன்னொரு மாணவியும் போக, மூன்றாவது பெயர் ஊசியுடையது. அதற்காக அவள் பாத்திரம் தேய்த்தாள், குளியலறைத் துளையில் அடைத்த முடியை விரல் விட்டு எடுத்தாள், அக்காவின் உள்பாவாடை வரைக்கும் துவைத்தாள். கீழே தபால் பெட்டியைத் திறந்து, யாருக்கு வந்த கடிதமானாலும் பிரிக்காமல் அக்கா கையில் கொடுப்பது வீட்டு வழக்கம். அதுவும் இவள் வேலை. சாவியை நம்பிக் கொடுத்தாளே என்று உச்சி குளிர்ந்து கிடந்தாள், அசடு.

விசா புதுப்பிக்கப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி திரையைப் பார்த்தார்.

"நீங்க அந்த வீட்டைக் காலி பண்ணி ஒன்றரை மாசமாச்சே."

"இல்ல சார், காலைல அங்கதான் பல்லு தேச்சேன்."

"பல்லு எங்க வேணா தேய்ங்க. நீங்க போயிட்டதா வீட்டை வாடகைக்கு எடுத்தவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. உங்களுக்கும் கடிதம் போட்டோம், பதிலே இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க கையெழுத்தும் உங்க வரிச் சான்றும் வேணும். இல்லன்னா ஊருக்குக் கிளம்புங்க."

அந்தக் கடிதத்தை ஆறு மாடி தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்ததே தான்தான் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டில் அக்காவின் சித்தி மகள் ஊசியின் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விருந்தாளி என்று வந்து இரண்டு மாதமாகிறது.

"அக்கா, என் பேரை எடுத்துட்டு இவ பேரைப் போட்டீங்களா?"

"ஆமா. ரத்தம்டி. நீ யாரு எனக்கு?"

"ஒரு கையெழுத்துக்கா. கால்ல வேணா விழறேன்."

"விழு, அப்படியே அந்தக் கட்டிலுக்கு அடியில கூட்டிடு. கையெழுத்துப் போட்டா நாலு பேராயிடும், என்னையும் சேத்துத் துரத்துவான்."

சித்தி மகள் சிரித்ததில் புரையேறியது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தது ஊசிதான்.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் தபாலை எடுத்து வந்தாள். ஒன்று அவள் பெயருக்கு, வரி அலுவலகத்திலிருந்து. அவள் காத்துக் கிடந்த சான்று. அக்கா அதை வெடுக்கென்று பிடுங்கி, உறையின் மேல் பேனாவால் எழுதினாள்: 'இந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை.'

"உன் பேருக்கு இங்க தபால் வருதுன்னு தெரிஞ்சா எனக்குத்தான் வம்பு. போற வழியில பெட்டியில போட்டுடு. சாவிய வச்சிட்டுப் போ."

ஊசி சாவியை வைத்தாள். தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும் உறையை மடங்காமல் பிடித்துக்கொண்டு போய், உள்ளே போட்டாள்.