கை நனைக்காத ஊர்

கோகிலவாணி போட்ட திட்டத்தில் ஆட்கள் இரண்டே பேர்தான். அவள், அவள் அம்மா காசியம்மாள். களமருதூரிலிருந்து முதல் பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து சேலம், சேலத்திலிருந்து கோயம்புத்தூர். சனிக்கிழமை மதியம் போய் இறங்கியதும் பேசி வைத்திருக்கும் வாடகை வீட்டைப் பார்ப்பது. ராத்திரி ஏதாவது ஒரு லாட்ஜில் தங்குவது. ஞாயிறு காலையில் அந்தத் தெருவிலிருந்து டவுன் பஸ் ஏறி, வேலை கிடைத்திருக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து அந்தச் சாலைகளில் விரலால் அத்தனை தடவை போய்வந்திருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு எதிரில் மருந்துக்கடை இருப்பது வரை அவளுக்குத் தெரியும்.

அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். தினமும் திருக்கோவிலூருக்குப் பஸ் ஏறிப்போய் வேதியியல் படித்தாள். படித்து முடித்த பிறகு வேலை தேடிக்கொண்டே கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றாள். மற்றவர்களின் சான்றிதழ்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் தன்னுடையது எதற்கு என்ற கேள்வி வரும். அப்பா அவள் பத்தாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாவுக்கு நடவு, களை, அறுப்பு என்று கூலி வேலை. போன சித்திரையில் உளுந்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் தலைசுற்றி விழுந்துவிட்டாள். கூட இருந்த பெண்கள்தான் வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள். அன்றைக்குக் கோகிலவாணி முடிவு செய்ததுதான்: எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவது.

வேலைக்கு உத்தரவு வந்ததும் சொன்னாள். காசியம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"மொதல்ல போய்ப் பாத்துட்டு வரலாம். ஆடி பொறக்கறதுக்குள்ள பாக்கணும்."

மாட்டேன் என்று சொல்லவில்லை. அதையே கோகிலவாணி பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

திட்டம் மறுநாளே மாறத் தொடங்கியது.

"தொரயயும் இட்டுக்கினு போலாம்" என்றாள் காசியம்மாள். தங்கதுரை அவளுடைய தம்பி, கொத்தனார்.

"மாமா எதுக்கும்மா? ஒரு நாள் சம்பளம் போயிடும் அவருக்கு."

"ஆம்பள தொண வாணாமா? நீ பாட்டுக்கு முன்ன பின்ன தெரியாத ஊர்ல போய் நிக்கப் போறியா?"

"சரி, மூணு பேரு."

"மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போவாங்களாடி? ஜெயசுதாவும் வரட்டும்." ஜெயசுதா தங்கதுரையின் மனைவி.

"அப்ப நாலு."

"நாலு பேரு எதுக்குப் போவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது!"

ஐந்தாவது ஆளாகப் பாவாடை சேர்ந்தார். தெருவில் யார் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போனாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறவர் அவர். சொந்தம் என்று பார்த்தால் பெரியப்பா முறை.

"நான் பேசி முடியாத எடம்னு ஒண்ணு கெடயாது" என்றார். "கோயம்புத்தூர் மட்டும் இன்னா, கொம்பு மொளச்ச ஊரா?"

லாட்ஜ் என்ற பேச்சை எடுத்ததும் காசியம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பாக்கப் போன எடத்துல ராத்தங்குவாங்களா? நாலு பேரு இன்னா பேசுவாங்க? காலைல போறோம், பாக்கறோம், அன்னிக்கே வந்துடறோம்."

கிளம்புவதற்கு முதல் நாள் அவள் ஐந்து பேருக்கும் புளிச்சோறு கிளறிக் கட்டினாள். பெரிய பாட்டில்களில் தண்ணீர் நிரப்பினாள்.

"அங்க ஓட்டல் இல்லாத தெருவே இல்லம்மா."

"இருந்தா இருந்துட்டுப் போவுது. முடிவாவற வரைக்கும் அந்த ஊர்ல கை நனைக்கக் கூடாது."

அப்போதுதான் கோகிலவாணிக்குப் புரிந்தது. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் சாப்பிடமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அம்மா கோயம்புத்தூரையே மாப்பிள்ளை வீடாக்கிவிட்டாள். சிரிப்பு வந்தது. கூடவே ஒரு நிம்மதியும். இவ்வளவு முறை பார்க்கிறாள் என்றால் மனதுக்குள் சரி என்று சொல்லிவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

வீடு கிடைப்பதும் அத்தனை சுலபமாக இருந்திருக்கவில்லை. முதலில் அழைத்த இரண்டு வீட்டுக்காரர்களும் நன்றாகத்தான் பேசினார்கள். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்கள். அவள் மறைக்காமல் சொன்னாள். ஒருவர் அப்போதே, இன்னொருவர் ஒரு மணி நேரம் கழித்து, வீட்டை வேறு யாருக்கோ விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாவது ஓர் அம்மாள். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். "ரெண்டு பேரு, நானும் எங்க அம்மாவும்" என்றாள் கோகிலவாணி. வந்து பாருங்கள் என்றார். கேட்க மறந்துவிட்டாரா, நேரில் கேட்பாரா என்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை. கேட்டால் கேட்கட்டும், போவது போவதுதான் என்று இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பஸ் கள்ளக்குறிச்சி தாண்டி, சின்னசேலத்துக்கு அப்பால் போனபோது வலது பக்கம் கல்வராயன் மலை கூடவே வந்தது. காசியம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அடிவாரத்துக்கு மரவள்ளி புடுங்க வந்துக்கீறேன்" என்றாள். "அதுக்கு அந்தாண்ட நான் போனதே இல்ல."

ஆத்தூர் வந்த பிறகு முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்தப் பெண்பிள்ளையை எங்கே இழுத்துக்கொண்டு போகிறோம் என்று கோகிலவாணிக்கு ஒரு கணம் தோன்றியது. அம்மாவைத்தான் அப்படி நினைத்தாள், ஏதோ சின்னப் பெண்ணைப்போல.

கோயம்புத்தூரில் இறங்கி, முதலில் வேலையிடத்தைப் பார்த்தார்கள். சனிக்கிழமை அரை நாள் என்பதால் கேட் சாத்தியிருந்தது. ஐந்து பேரும் வரிசையாக நின்று கம்பி வழியே கட்டடத்தைப் பார்ப்பதைக் காவலாளி விநோதமாகப் பார்த்தார்.

"தண்ணி நல்ல தண்ணியான்னு சொல்றதுக்கா சம்பளம் குடுக்கறான்?" என்றார் பாவாடை. "ஒரு வாயி குடிச்சா நானே சொல்லிடுவேனே."

"குடிக்கத்தான் வுடலயே ஒங்கள" என்றான் தங்கதுரை. வழியெல்லாம் டீக்கடைகளைப் பார்த்துப் பார்த்துப் பாவாடையின் கழுத்து திரும்பியபடியே வந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் காசியம்மாளின் பார்வைதான் அவரை இழுத்து நிறுத்தியது.

வீடு மாடியில். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்க இடம். கீழே வீட்டுக்கார அம்மாள் குடியிருந்தார். அறுபது வயதிருக்கும். பார்த்து முடித்ததும் கூடத்துக்கு அழைத்து எல்லோரையும் உட்காரச் சொன்னார். காசியம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் உள்ளே போய், தட்டில் ஐந்து எவர்சில்வர் டம்ளர்களில் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

யாரும் கை நீட்டவில்லை.

"எடுத்துக்கங்க. ஆறிப்போயிரும்ங்க."

பாவாடை கூரையைப் பார்த்தார். ஜெயசுதா முந்தானையைச் சரிசெய்தாள்.

வீட்டுக்கார அம்மாளின் முகம் மெல்ல மாறியது. "ஏனுங்க, எங்கூட்ல குடிக்க மாட்டீங்களா?"

கோகிலவாணிக்குச் சுரீரென்றது. களமருதூரில் இன்றைக்கும் ஒன்றிரண்டு களத்துமேட்டில் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் சொம்பை உயரத் தூக்கிக் கையில் ஊற்றுவதுதான். டம்ளர் கைக்கு வராது. அந்த அம்மாவின் முன்னால் ஒரு வீட்டுக்காரி தன் வீட்டு டம்ளரை வைத்துவிட்டு, குடிக்கமாட்டாயா என்று முகம் வாடி நிற்கிறாள். அம்மாவோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று கோகிலவாணி அவசரமாகச் சொன்னாள். "எங்க அம்மா இத சம்பந்தம் பேச வந்த மாதிரி நெனச்சிட்டாங்க. முடிவாவாம கை நனைக்கக் கூடாதாம்."

அந்த அம்மாள் ஒரு நிமிடம் விழித்துவிட்டுச் சிரித்தார். "எங்க பக்கமும் அப்படித்தானுங்க! அப்ப மாப்பிள்ள யாரு, நானுங்களா?"

பாவாடை தொண்டையைச் செருமிப் பேச்சைத் தொடங்கப் பார்த்தார். காசியம்மாள் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. தானே கேட்டாள். தண்ணீர் எப்போது வரும், தெருவில் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா, வேலை முடிந்து இருட்டிய பிறகு வந்தால் யாரும் எதுவும் சொல்வார்களா. வீட்டுக்கார அம்மாள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"ஒடம்புக்கு முடியலன்னா கூப்ட்டா நீங்க மேல வருவீங்களா? பொண்ணு ஒருத்தியா இருப்பா."

"ஒருத்திங்களா?" அந்த அம்மாள் கோகிலவாணியைப் பார்த்தார். "ரெண்டு பேருன்னு சொன்னீங்களே அம்மிணி?"

"நான் எதுக்குங்க?" என்றாள் காசியம்மாள். "பொண்ணக் குடுத்த எடத்துல தாயும் போய் ஒக்காந்துக்கினா நெல்லாவா இருக்கும்?"

கோகிலவாணி அம்மாவின் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"இத ஏன்ம்மா ஊர்லயே சொல்லல?"

"நீ கேக்கலயே. வரலாம் பாக்கலாம்னு சொன்ன. வந்தேன், பாத்தேன். எடம் நெல்லாருக்கு. மனுசியும் நெல்ல மனுசி. தெகிரியமா இரு."

"போன சித்திரையில வுழுந்தியே, திரும்ப வுழுந்தா?"

"வுழுந்தா எழுந்துப்பேன். தை வரைக்கும் நடவு, களை, அறுப்புன்னு ஆளுங்களச் சேத்து வச்சிக்கீறேன். நான் நவுந்தா அந்தக் கும்பலே கலஞ்சிடும். இங்க வந்து இன்னா பண்றது? நீ வேலைக்கிப் போய்ட்டா செவுத்தப் பாத்துக்கினு ஒக்காரவா?"

டவுன் பஸ் முதல் மருந்துக்கடை வரைக்கும் யோசித்த கோகிலவாணி, பகல் முழுக்க அம்மா என்ன செய்வாள் என்பதை யோசிக்கவே இல்லை. பின்பக்கத்து வெயிலில் நின்றுகொண்டு தன்னையே கேட்டுக்கொண்டாள்: அம்மாவை வயலிலிருந்து மீட்கத்தான் கூப்பிட்டோமா, இல்லை, தெரியாத ஊரில் ராத்திரி தனியாகக் கதவைச் சாத்திக்கொள்ளப் பயந்தா? இரண்டும்தான் என்று தோன்றியது. இரண்டில் எது பெரியது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. அம்மா வரவில்லை என்றால் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் போதும். அம்மாவும் அப்படித்தான் கணக்குப் போடுவாள். விடுதியில் சேர்ந்துவிட்டால் அம்மா வந்து தங்க இந்த ஊரில் இடமே இருக்காது. பிறகு வா என்று கூப்பிடுவதெல்லாம் வெறும் பேச்சு.

அவள் திரும்பிக் கூடத்துக்குப் போனாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் பெண் தானே முடிவு சொல்வது வழக்கமில்லை. தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, ஆடை படிந்த காப்பியை நின்றபடியே குடித்தாள்.

"எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள் வீட்டுக்கார அம்மாளிடம். "ஆவணியில வரேன்ம்மா. ரெண்டு பேருக்குன்னு சொன்னேன், ரெண்டு பேருக்குத்தான். தையில அறுப்பு முடியற வரைக்கும் நான் மட்டும் இருப்பேன்."

"அடியே!" என்றாள் பின்னாலேயே வந்த காசியம்மாள். "பெரியவங்க பேசி முடிக்கறதுக்குள்ள இன்னா அவசரம் ஒனக்கு? ஒருத்திக்கு எதுக்கு இம்மாம் பெரிய வூடு?"

"ஒருத்திக்கு இல்லம்மா."

"நான் வரேன்னு சொன்னனா?"

"நீ சொல்லல. நான் வீட்ட எடுக்கறேன். வரதும் வராததும் ஒன் இஷ்டம்."

"பொண்ணே கை நனைச்சிட்டா அப்பறம் இன்னா பேச்சு, முடிஞ்சது!" என்று பாவாடை ஒரு டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். தங்கதுரையும் ஜெயசுதாவும் காசியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி ஆளுக்கொன்றை எடுத்தார்கள். வீட்டுக்கார அம்மாள் என்ன ஆளுங்க என்று யாரையும் கேட்கவில்லை. கடைசி டம்ளரை மட்டும் சூடு பண்ணிக்கொண்டு வருவதாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

காசியம்மாள் உட்காரவில்லை. படியேறி மறுபடியும் மாடிக்குப் போனாள். கோகிலவாணி பின்னாலேயே போனாள். அம்மா சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். வாசற்கதவைச் சாத்தி, பூட்டைத் தொங்கவிட்டு, அமுக்கி, பிடித்து இழுத்தாள். நல்ல பூட்டுதான், வரவில்லை. மாடிப்படியில் நின்று கீழே குரல் கொடுத்தாள்.

"யம்மா, இந்தப் பூட்டுக்கு சாவி எத்தினிங்க?"

"ரெண்டுங்க!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

காசியம்மாள் மகளின் பக்கம் திரும்பினாள். கோபம் இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது.

"ஒண்ணு எங்கிட்ட குடுத்துடு. நான் வர அன்னிக்கி நீ வேலைல இருந்தீனா, தெருவுல நிக்கணுமா நானு?"

எப்போது வருவாய் என்று கேட்க வாயெடுத்த கோகிலவாணி, கேட்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.