சாம்பல் கரைக்குப் போன பன்னிரண்டு வண்டி

மரியஜான் சிலுவைதாசனுக்கு நாற்பத்திரண்டு ரூபாயும் ஆறு சக்கரக் காசும் கொடுக்க வேண்டியிருந்தது. கரைமடி வலை இழுத்த ஒரு பருவத்துப் பங்கு அது. கீழத்துறை ஊர்த்தலைவன் என்கிற தோரணையில் மரியஜான் அதைத் தண்டம் என்று சொல்லிப் பிடித்து வைத்துக்கொண்டான். இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில்.

சிலுவைதாசன் செய்த குற்றம் இவ்வளவுதான். பக்கத்து மேலத்துறைக்காரர்கள் எல்லை தாண்டி வலை வளைத்தார்கள் என்று கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. அடிக்க ஆள் பிடிக்கவும் வழக்கு நடத்தவும் வீட்டுக்கு மூன்று ரூபாய் வரி என்றான் மரியஜான். எல்லாத் தலையும் ஆடியது. சிலுவைதாசன் ஒருவன் எழுந்தான்.

"அவனுவளும் நம்மளப் போல அர வயித்தோட கடலுக்குப் போறவனுவதான். எல்லையப் பேசித் தீருங்க. அடிக்கதுக்கு நான் காசு தரமாட்டேன்."

"பயமா இருந்தா ஒனக்க பெண்டாட்டிக்க மீன் கூடைக்குள்ள போய் இருலேய்," என்றான் மரியஜான். முற்றமே சிரித்தது. பங்கும் போயிற்று, அன்றே ஊர்விலக்கும் விழுந்தது.

அந்தக் கரையில் விலக்கு என்றால் அடி உதை கிடையாது. விலக்கப்பட்டவன் கையில் யாரும் எதையும் கொடுக்கமாட்டார்கள். காசானாலும் கருவாடானாலும் மணலில் போடுவார்கள். குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். சிலுவைதாசன் பட்டினியைத் தாங்குவான். ஆனால் அவன் மனைவி செல்லத்தாய் ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மீன் விற்ற சக்கரங்களை மணலில் தேடித் தேடிப் பொறுக்கியதை அவன் பார்த்துவிட்டான். மரியஜான் அதைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அடுத்த நாள் பாயையும் பானையையும் கட்டிக்கொண்டு இருவரும் அருமனைக்கு நடந்தார்கள்.

அருமனையில் நேசையன் என்பவரின் தடிக்கடையில் மரம் சுமந்தான். சுமந்தவன் சுமந்தபடியே கிடக்க அவனென்ன மாடா? எழுத்துத் தெரியாது. மரத்தின் சுற்றளவைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுப்பான். கணக்கப்பிள்ளை காகிதத்தில் கூட்டி முடிக்கும் முன் விலையைச் சொல்லிவிடுவான், ஒரு சக்கரம் பிசகாது. கோட்டும் தலைப்பாகையுமாக வந்த எத்தனையோ வியாபாரிகள் அந்தக் கயிற்றுக்கு முன் தோற்றுப் போனார்கள். நான்காம் வருடம் சொந்தக் கடை போட்டான். யாருடைய சிபாரிசும் இல்லை, எந்தச் சாமியார் கடிதமும் இல்லை.

அங்கே கரையில் வழக்கும் கல்லேறுமாக ஐந்து வருடம் இழுத்து, முப்பத்தொன்று மாசியில் தீயாக மூண்டது. மேலத்துறை கீழத்துறைக்கு வைத்தது, கீழத்துறை மேலத்துறைக்கு வைத்தது. வீடும் வலையும் கட்டுமரமும் இரண்டு பக்கமும் சாம்பல். செய்தி வந்த அன்று சிலுவைதாசன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டான்.

அடுத்த நாள் முதல் மலையடிவாரம் முழுக்க அலைந்தான். கட்டுமரத்துக்கு ஆகும் லேசான தடி ஒன்று விடாமல் முன்பணம் கொடுத்து வளைத்துப் போட்டான். கூரைக்கு முடைந்த ஓலையையும் விடவில்லை.

"ஊரு எரிஞ்சதுல நமக்கு லாபமா?" என்று கேட்டாள் செல்லத்தாய். "பாவமில்லியா?"

"தீ வச்சவனுக்கு இல்லாத பாவம், வைக்காதேன்னு சொன்னவனுக்கு எங்கேருந்துட்டி வரும்?"

மேலத்துறைக்கு முதலில் விற்றான். அவர்கள் அவன் கையிலேயே எண்ணிக் கொடுத்தார்கள். இடவப்பாதி மழை இன்றோ நாளையோ என்று இருக்கும்போது பன்னிரண்டு மாட்டுவண்டிகளில் தடியும் ஓலையும் ஏற்றிக் கீழத்துறைக்குப் போனான். செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டான். ஊர் எல்லையில் சிலுவை நிற்கும் குருசடிக்கு வெளியே வண்டிகளை நிறுத்தினான்.

ஊரே ஓடி வந்தது. மரியஜானும் வந்தான். விலையைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"சண்டைக்கு மூணு ரூவா தராதவன், இப்பம் எங்க சாம்பல்ல காசு பொறுக்க வந்தியா? கரைக்கு வேண்டி எதுவும் இழக்காதவனுக்குக் கரையில லாபம் எடுக்க என்னலேய் உரிமை?"

"தலைவரே, கணக்கு நான் சொல்லுகேன். சண்டை வேணும்னவன் வீட்டுக்கு மூணு ரூவா குடுத்தான். வேண்டாம்னதுக்கு எனக்கிட்ட நீரு பிடிச்சது நாப்பத்திரண்டு ரூவா ஆறு சக்கரம். இந்தச் சண்டைக்கு இந்தக் கரையில என்னைவிடக் கூடக் குடுத்தவன் எவன்? கையத் தூக்கச் சொல்லும்."

ஒரு கையும் எழவில்லை. லாபம் வைத்திருக்கிறான்தான், அதை அவன் மறைக்கவுமில்லை. தடிக்கு அரை ரூபாய். மழை நனையாமல் வீட்டுக்குள் படுக்க வேண்டும் என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மரியஜான் ஊர்ப்பணத்தைக் கட்டியிருந்த துண்டு மூட்டையைக் கொண்டு வந்தான். பழைய பழக்கம் விடுமா? சிலுவைதாசன் காலடியில் மணலில் தொப்பென்று போட்டான்.

சிலுவைதாசன் மூட்டையைப் பார்க்கவே இல்லை. வண்டிக்காரனிடம், "மக்கா, மாட்டைப் பூட்டு," என்றான்.

முதல் வண்டி திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. மேற்கே கடல் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று பிள்ளைகளோடு ஓலை மறைப்பில் கிடக்கும் விதவை தாணம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மடியில் முடிந்திருந்த காசைச் சிலுவைதாசன் கையில் வைக்கப் போனாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"உனக்க கை இல்ல தாணம்மா. மணல்ல போட்ட கை முதல்ல வரட்டும்."

அவள் மரியஜான் பக்கம் திரும்பினாள். "தலைவரே, ஒமக்கு இடுப்பு வளைய மாட்டேங்குன்னு எனக்க பிள்ளையளு நனையணுமா? மூணு ரூவா நானும் குடுத்தேனே, எனக்க மாப்பிள்ளையையும் குடுத்தேனே. இன்னும் என்ன வேணும் ஒமக்கு?"

ஊர் அவனையே பார்த்தது. மரியஜான் குனிந்தான். அந்தக் கரையில் அவன் குனிந்து யாரும் கண்டதில்லை. மூட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நீட்டினான்.

"அது தடிக்க விலை. பொறவு வாங்குகேன்," என்றான் சிலுவைதாசன். "பழைய கடன் முதல்ல. ஊர்க்காசு வேண்டாம், உம்ம காசு."

மரியஜான் எரிந்த வீட்டுக்குப் போய், தீயில் நெளிந்த தகரப்பெட்டியோடு திரும்பி வந்தான். பெட்டியைத் திறந்து சிலுவைதாசனின் கையைத் தேடினான்.

"எனக்க கையில இல்ல. மணல்ல பொறுக்கினது இவ. இவ கையில எண்ணும். ஒவ்வொண்ணா, ஊருக்குக் கேக்கும்படியா."

செல்லத்தாய் முன்னால் வந்து வலது கையை நீட்டினாள். வெள்ளி ரூபாய்கள் தீயில் கறுத்திருந்தன. மரியஜான் ஒன்று, இரண்டு என்று சொல்லிச் சொல்லி வைத்தான். பத்தானதும் அவற்றை மடியில் கொட்டிக்கொண்டு அவள் மறுபடி கையை நீட்டினாள். இருபது. முப்பது. மழையின் முதல் துளிகள் விழுந்தன; யாரும் அசையவில்லை, அவளும் அவசரப்படவில்லை. நாற்பத்திரண்டு முடிந்து சக்கரத்துக்கு வந்தான். ஐந்தோடு நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கை அப்படியே விரிந்திருந்தது. பெட்டியின் மூலையைத் துழாவி, ஆறாவது சக்கரத்தையும் எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தான்.